பேஸ் கேக்கவே இல்லையேண்ணா

கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பன்னீர்ச் செம்பு, கல்கண்டுத் தட்டு, ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனம். அந்த வாசனை மற்றவர்களுக்கு என்னென்னவோ ஞாபகப்படுத்தும். எனக்குப் பொறாமையைத்தான். மூக்கில் ஏறியதும் கண் தானாக வாசலைச் சுற்றித் துழாவும், ஓர் ஆள் எங்காவது நிற்கிறானா என்று.

அந்த ஆள் பொழிச்சலூரில் இருக்கிறான். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சபையில் பேஸ் கிடார் வாசிக்கிறான். காலேஜ் நாளிலிருந்து எனக்கு மச்சான். நானும் பேஸ் வாசிக்கிறவன்தான். பகலெல்லாம் சேலையூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவோடு ரிசப்ஷன் மேடைகளில் நிற்பேன். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுவேன், யாரும் கேட்காமலே.

பேஸ் வாசிக்கிறவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். டிரம்ஸ் அடிக்கிறவனின் வியர்வையைக்கூட வீடியோ எடுப்பார்கள். நாலு தடித்த கம்பிகளோடு ஓரமாக நிற்கிறவனிடம் போட்டோகிராபர் வந்து "சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க, பேக்கிரவுண்டுல வர்றீங்க" என்பார். ஆனால் அந்தக் கம்பிகள் நின்றுபோனால் பாட்டு தரையை விட்டுக் கிளம்பிவிடும். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர் இலையிலிருந்து தலையைத் தூக்குவார், எதுவோ குறைகிறதே என்று. எது என்று அவருக்குத் தெரியாது. அந்த எதுவோவாக இருப்பதில் எனக்கு ஒரு ரகசியத் திமிர் உண்டு. கவிதையில் கிடைக்காத திமிர்.

அந்தத் திமிரில்தான் புது பேஸ் வாங்கினேன். கறுப்பு உடம்பு, கண்ணாடிபோல் வழவழப்பு, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட், அதற்கு உயிர் கொடுக்க ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. பழையதில் இந்தச் சங்கதியெல்லாம் கிடையாது. மரம், காந்தம், கம்பி, அவ்வளவுதான். பழையதை மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போகும்போது அதன் கழுத்தை அவன் பிடித்த விதத்தை இப்போதும் சொல்ல முடியும். தூங்குகிற குழந்தையைத் தோளுக்கு மாற்றுகிற மாதிரி.

போன வருஷம் அவன் சபையில் அறுவடைப் பண்டிகைக்குக் கூப்பிட்டான். நானும் மனைவியும் போனோம். வெளியே வாழைத்தாரும் பூசணிக்காயும் குவிந்து கிடந்தன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி. முதல் பாட்டு தொடங்கியது. முதல் சுரம் என் காது வழியாக வரவில்லை. நாற்காலிக் கால் வழியாக ஏறித் தொடை எலும்பில் உட்கார்ந்தது. உருண்டு, கனத்து, இளஞ்சூடாக, ஆடி மாதத்து முதல் இடிபோல எங்கோ தூரத்தில் தொடங்கி மடியில் வந்து விழுந்தது. முன் வரிசையில் ஒரு பாட்டியம்மாளின் கைவிசிறி தாளம் மாறியது. நான் மேடையைப் பார்த்தேன். என் பழைய பேஸ். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

மனைவி என் பக்கம் சாய்ந்தாள். பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் திருத்துகிற குரலில்தான் எப்போதும் பேசுவாள்.

"இது உங்க பழைய கிடார்தான?"

"ஆமா."

"உங்ககிட்ட இருந்தப்ப இப்படிக் கேட்டதே இல்லையே."

"இங்க ஸ்பீக்கர் பெருசு."

"ஓ" என்றாள்.

அந்த 'ஓ' இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கிடாரின் தலைப்பகுதியில், கம்பியை முறுக்குகிற திருகுகளுக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. முந்தைய ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தன குங்குமம். காய்ந்து, தேய்ந்து, கறைபோல நின்றது. அவன் அதைத் துடைக்கவில்லை. பின்னால் சிலுவை, முன்னால் என் பொட்டு. விட்டுப்போன ஒருத்தி, நாம் வாங்கிக்கொடுத்த வளையலைப் போட்டுக்கொண்டு வேறொருத்தனோடு ஸ்கூட்டரில் போகிறாள், சிரித்துக்கொண்டு. அப்படி இருந்தது எனக்கு. ஆராதனை முடிந்து எல்லோருக்கும் போட்ட அசனச் சாப்பாட்டில் கறி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உப்பு தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைக்கு வீட்டில் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள் மனைவி. கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஸ்கூட்டர், லேப்டாப், அவளுடைய சிவப்புப் பேனாக்கள். "கிடாருக்கு நான் வெக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். வழக்கமாகத் தலையில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவன். அந்த வருஷம் தலையில் ஒன்று, உடம்பில் ஒன்று, கேபிள் சொருகுகிற இடத்தில் ஒன்று. தாராளமாக, விரல் நிறைய. சந்தனத்தின் குளிர்ச்சியை நகத்தில் உணர்ந்தபடி மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று சாமிக்கும் எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து கேபிளைச் சொருகி மெதுவாக வாசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காகச் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்ததால் எதுவும் தெரியவில்லை.

பெருங்களத்தூர் ரிசப்ஷனில்தான் தெரிந்தது.

முதல் பாட்டிலேயே என் விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் யாரோ ஒரு போர்வையைப் போட்டுவிட்டார்கள். கம்பி அதிர்கிறது, நெஞ்சில் ஒட்டியிருக்கிற மரம் அதிர்கிறது, ஆனால் வெளியே போவது ஈர அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம். கனம் போய், மெலிந்து, ஓரத்தில் ஒரு கரகரப்பு வேறு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் குழுத் தலைவி கீபோர்டிலிருந்து எட்டிப் பார்த்தார். குழுவில் எல்லோரும் அவரை அக்கா என்போம், அவரைவிட மூத்த நானும்தான். அவர் என்னை அண்ணா என்பார்.

"பேஸ் கேக்கவே இல்லையேண்ணா."

"ஏத்தியிருக்கேன்க்கா."

"ஏத்தினது கேக்கலண்ணா."

மறுநாளிலிருந்து தேடல். முதலில் பேட்டரி. புதுசு வாங்கி, போடுவதற்கு முன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுருக்கென்றது, நல்ல பேட்டரி. கிடாரில் போட்டால் அதே ஈர அட்டைப்பெட்டி. அடுத்து கேபிள். வேறொன்று கடன் வாங்கிச் சொருகினேன். மாற்றமில்லை. அடுத்து, கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்துக்கொடுக்கிற காந்தம் அது. திருப்புளியால் அதைக் கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தினேன். ஒரு கம்பி காந்தத்தில் இடித்து டக்கென்றது, சத்தம் பெருகவில்லை. கம்பிகளில்தான் அழுக்கோ என்று கழற்றி, சுருட்டி, வெந்நீரில் கொதிக்கவைத்தேன். பேஸ்காரர்கள் செய்கிற வேலைதான் இது. ஆனால் மனைவி சமையலறைக்குள் வந்த நேரம் சரியில்லை.

"அதுல என்ன வேகுது?"

"கம்பி."

"அது ரசம் வெக்கிற பாத்திரம்."

"கழுவி வெச்சிடுறேன்."

"உங்க மச்சானும் இப்படித்தான் வேகவெச்சு வாசிக்கிறாரா?"

நான் அடுப்பை அணைத்தேன். கம்பி பளபளத்தது. சத்தம் அப்படியே.

அடுத்த நிகழ்ச்சியில் சவுண்டு பார்க்கிற பையன் தன் மேசையிலிருந்து சைகை காட்டினான். இடைவேளையில் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் அழுத்தி வாசிங்கண்ணா, கை லேசா போவுது" என்றான். லேசா. என் கையைப் பற்றி. அழுத்தினேன். ஆட்காட்டி விரலில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. கொப்புளத்தின் எரிச்சலில் ஓர் எண்ணம் உள்ளே நுழைந்து கால்நீட்டிப் படுத்துக்கொண்டது. பழுது கிடாரில் இல்லையோ? அன்றைக்குச் சபையில் கேட்டது கிடாரின் சத்தமே இல்லையோ, அவன் கையின் சத்தமோ? அப்படியானால் நான் கொடுத்தது வெறும் மரத்தைத்தானே? இல்லை, அதற்குள் ஒரு குரல் இருந்ததென்றால் அதை நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

பஸ்ஸில், ஆபீஸில், மேடவாக்கம் சிக்னலில் தண்ணி லாரிக்குப் பின்னால் நிற்கும்போது, அவன் வாசித்த அந்த முதல் சுரம் வந்து தொடையில் உட்கார்ந்தது. கவிதை எழுத உட்கார்ந்தால் வரிகள் மெலிந்து வந்தன. பேஸ் இல்லாத வரிகள்.

அந்த வாரத்தில் அக்கா போன் செய்தார். சுற்றிவளைக்காத மனுஷி.

"அண்ணா, ஞாயித்துக்கெழம மேடவாக்கத்துல பெரிய ரிசப்ஷன். லைவா வேற போட்றாங்களாம், அமெரிக்காவுல சொந்தக்காரங்க பாக்க. தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குள்ள உங்க பேஸ் சரியாகலன்னா பொழிச்சலூர் அண்ணாவ கேக்கலாம்னு இருக்கேன்."

"அந்த ஒரு நாளைக்கா?"



"பாக்கலாம்ணா."

பார்க்கலாம். எங்கள் ஊரில் வேலைக்கு மனுப் போட்டவனுக்கும் பெண் கேட்டுப் போனவனுக்கும் சொல்கிற வார்த்தை. அந்த மேடை ஓரம் என்னைவிட்டுப் போகப்போகிறது. போவதும் எங்கே? அவனிடம். என் பழைய கிடாரோடு என் பழைய இடத்துக்கே வந்து நிற்பான். போட்டோகிராபர் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லமாட்டார் என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் கிடாரைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனிடம்தான். இரண்டு கிடாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழுது பிடிபடும் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தப் பழைய பேஸை என்ன செய்தான், எந்தக் கம்பி போட்டான், எதை மாற்றினான் என்று கண்ணால் பார்க்காமல் தூக்கம் வராது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை, "ஓ" என்றுகூடச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். பையை நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். பம்மல் வரும் முன்பே எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேட்டுவிட்டார்.

"இன்னா சார் உள்ள, வீணையா?"

"கிடார்."

"வாசிச்சிகினே வா சார். ரோடு பேஜாரா கீது, டைம் போவும்."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வாசித்தால் கேட்காது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

மச்சான் வீடு மாடியில். அவன் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தான். பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னாடா இது, ஆளே பாதியாயிட்ட?"

"கிடார் பாதியாயிடுச்சு. அதான்."

அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்து, "அண்ணா, ஞாயித்துக்கெழம ப்ரோகிராம் இருக்குதாமே" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கவந்து விழுங்கினேன். தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கியது. அந்த வீட்டில் விமானம் போகும்போது பேச்சை அப்படியே நிறுத்திக் காத்திருந்து, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். டம்ளரில் டீ வட்டவட்டமாக நடுங்கியது.

பழைய பேஸ் சுவரோரம் ஸ்டாண்டில் இருந்தது. தலையில் என் பொட்டு. கூர்ந்து பார்த்தேன், கையால் தடவியும் பார்த்தேன்.

"என்ன பண்ண இதுக்கு?"

"இன்னா பண்ணேன்?"

"பிக்கப் மாத்தினியா?"

"இல்லியே."

"கம்பி?"

"நீ போட்டுக் குடுத்த அதே கம்பிதான் மச்சான். மாத்தணும்னு நெனச்சுகினே கீறேன், எங்க டைம்?"

அதே கம்பி. என் விரல் அழுக்கு ஒட்டியிருந்த கம்பி. ரசப் பாத்திரத்தில் நான் வேறு கம்பிகளை வேகவைத்துக்கொண்டிருந்தபோது அது இங்கே, துடைக்கக்கூட ஆளில்லாமல், இடிபோலப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் காது சூடாயிற்று.

"என்னோடத வாசி" என்றேன். அவனுடைய ஆம்ப் ஸ்பீக்கரில் கேபிளைச் சொருகி என் கறுப்பு பேஸை அவன் மடியில் வைத்தேன். அந்த நிமிஷத்தைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் கையில் அது முழங்கினால் நான் தீர்ந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு முதல் கம்பியை இழுத்தான்.

ஈர அட்டைப்பெட்டி.

மறுபடி இழுத்தான். அழுத்தினான். கரகரத்து மெலிந்தது. அவன் நெற்றி சுருங்கியது. எனக்குள் எத்தனை விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியாது. அவன் கைக்கும் வரவில்லை. என் கை இல்லை, கிடார்தான். கெட்டுப்போன கிடாரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் தென்சென்னையில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டான்.

"இன்னா மச்சான், சிரிக்கிற?"

"இல்லியே."

"சிரிச்ச. நான் பாத்தேன்."

"நீ கண்ண மூடினு இருந்த."

"ஒரு கண்ண தொறந்துகினுதான் வாசிப்பேன். இல்லன்னா பாஸ்டர் கை காட்றது எப்டி தெரியும்?"

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்கும் கரண்ட் பற்றித் தெரிந்தது சமம்தான், ஃப்யூஸ் போட்டால் கையை உதறுகிற அளவு. அவன் டி.வி. ரிமோட்டையும் என் கிடாரையும் மாறிமாறிப் பார்த்து பேட்டரி பற்றி ஏதோ யோசித்தான். குமிழ்களைத் திருப்பினோம். ஒரு விமானம் போனது, காத்திருந்தோம். இன்னொன்று போனது. மடியில் கிடாரைப் புரட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"எப்போலேந்து இப்டி?"

"ஆயுத பூஜைக்கு அப்புறம்."

"பழசுல தலைல மட்டும்தான பொட்டு வெப்ப? இதுல இங்க இன்னாத்துக்கு?"

கேபிள் சொருகுகிற துளையைக் காட்டினான். அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம், ஓரத்தில் குங்குமம்.

"சத்தம் வெளிய போற எடம் அதான. வாய் மாதிரி."

"வாய்ல சந்தனம் வெச்சியா?"

"மேலதான் வெச்சேன்."

"வெச்சுட்டு?"

"மறுநா விஜயதசமி. நல்ல நேரத்துல கேபிள் சொருகினேன்."

"தொடைச்சுட்டா?"

பூஜையில் வைத்த பொட்டைத் துடைத்துவிட்டா வேலை தொடங்குவார்கள்? அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கிடாரைப் பத்திரமாகப் பாயில் வைத்துவிட்டு, அதற்காகவே காத்திருந்த மாதிரி, சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான். அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிப்புக்கு நடுவில் அவளுக்கு விளக்கம் சொன்னான். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

துளையின் தகட்டைத் திருப்புளியால் கழற்றினோம். உள்ளே, கேபிளின் முனையைத் தொட்டு நிற்கவேண்டிய பித்தளை நாக்குகள். பிளேடுபோல மெல்லியவை. அதில் ஒன்றின்மேல் சந்தனம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. நல்ல நேரத்தில் நான் சொருகிய கேபிள் அந்தச் சந்தனத்தை உள்ளே தள்ளி நன்றாகப் பூசிவிட்டிருக்கிறது. கேபிளைச் சொருகினால்தான் பேட்டரிக்கு வழி திறக்கும், அந்த வழி இந்த நாக்கின் மேலாகத்தான் போகிறது. புது பேட்டரி போட்டென்ன, பாதி உயிர்தான் சர்க்யூட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கொரோனா காலத்துச் சானிடைசரில் நனைத்து நாக்கைத் துடைத்தான். ஸ்பிரிட்டும் சந்தனமும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. ஆஸ்பத்திரியும் மண்டபமும் ஒரே அறையில் இருப்பதுபோல. அந்த வாசனைதான் இன்றுவரை என் மூக்கில் இருப்பது.

அவன் சபையில் உட்கார்ந்து பொறாமைப்பட்டவன், அதே பொறாமையை விரலில் எடுத்துத் துளைமேல் அப்பி, நல்ல நேரம் பார்த்து உள்ளே தள்ளியிருக்கிறேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பான் என்பது மட்டும் காரணமில்லை. அவன் சிரிக்காமல் போய்விட்டால்?

மூடித் திருகினோம். கேபிளைச் சொருகினான். நான் கைநீட்டுவதற்குள் பழக்கத்தில் அவனே ஒரு கம்பியை இழுத்துவிட்டான்.

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டம்ளர் நகர்ந்தது. மார்புக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டுத் தட்டிக்கொடுத்த மாதிரி அந்தச் சத்தம் வந்தது. பழுது தீர்ந்த பிறகு என் புது பேஸ் முதல்முதலாக வாயைத் திறந்து முழுசாகப் பேசியது அவன் விரலுக்குத்தான். அவன் நிறுத்தவில்லை. சபையில் வாசித்த அதே பாட்டு. வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கிடாரைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கை வந்தது, இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று கை நின்றது.

"புடி, நீ வாசி" என்று நீட்டினான்.

வாசித்தேன். சத்தம் திரும்பியிருந்தது, குண்டாக, வெதுவெதுப்பாக. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் காது இருக்கிறதே. அவன் ஒரு சுரத்தை விடும்போது அது போகிறவரை காத்திருக்கிறான். விமானத்துக்குக் காத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவன். நான் அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன், எப்போதும் அப்படித்தான், கவிதையிலும், நடையிலும், பேச்சிலும். சந்தனத்தைத் துடைத்த பிறகு இது மிச்சமிருந்தது. இதைக் கழற்ற எந்தத் தகட்டிலும் திருகு இல்லை.

"செம மச்சான்" என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

அவன் போனை எடுத்தான். "அக்கா நேத்தே கூப்ட்டாங்க. உன் கிடார் சரியில்லன்னாங்க. அதப் பாத்துட்டு சொல்றேன்னேன்" என்று சாதாரணமாகச் சொன்னபடி எண்ணைத் தட்டினான். அப்போதுதான் டீ கொடுக்கும்போது அவன் மனைவி கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. முழு மத்தியானமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால் நாளைய மேடை அவனுடையது. தெரிந்துகொண்டேதான் துடைத்திருக்கிறான்.

"அக்கா, அவன் பேஸ் சரியாயிட்ச்சு. நல்லா கீது. நான் வேணாம்... இல்லக்கா, மெய்யாலுமே. நீங்களே கேப்பீங்க நாளைக்கு."

போனை லுங்கி மடிப்பில் செருகினான். என் இடம் எனக்குத் திரும்பிவிட்டது. திருப்பித்தந்தது அவன். அவன் பிடித்திருக்கக்கூடிய இடத்தில், அவன் வேண்டாமென்றதால், நாளைக்கு நான் நிற்பேன். நன்றி சொல்லவேண்டிய நேரம். "சரி, கெளம்புறேன்" என்றேன்.

தெருமுனைவரை கூடவே வந்தான். கிடார்ப்பையை அவனே தூக்கிக்கொண்டான். பெட்டிக்கடை வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் சாய்ந்து, இறங்குகிற விமானத்தின் வயிறு பொன்னிறமாகப் போனது. அது போகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

"பழச ஒருநா எடுத்துகினு வரேன். வேணும்னா கொஞ்ச நாள் வெச்சுக்கோ" என்றான்.

"வேணாம். உங்கிட்டயே இருக்கட்டும்."

"பொட்ட தொடைக்கல, பாத்தல்ல? பாஸ்டர் ஒருதபா கேட்டாரு, இன்னா அதுன்னு. மச்சான் வெச்சது, இருக்கட்டும்னேன்."

ஆட்டோ வந்தது. பையை என்னிடம் கொடுத்து, நான் உள்ளே உட்காரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு எனக்கு டூட்டி இல்ல. கடைசி வரிசைல வந்து நின்னு கேக்கவா? பேஸ் அங்கவரைக்கும் வருதான்னு சொல்றேன்."

"வேணாம் மச்சான். நீ நின்னா எனக்கு வாசிக்க வராது."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் ஆட்டோவின் கூரையில் கிளம்பலாமென்று ஒரு தட்டு தட்டினான், தாளம் தப்பாமல்.

"அப்ப உள்ள வரல. வாசல்லயே சந்தனம் பூசிகினு போயிட்றேன்."